வெளிச்சம் வெட்டும், ஆனா கருகாது: வான்கோழி எலும்பிலிருந்து ஸ்டென்ட் வரை

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகத் திருத்தியது)

1960-களில் லேசரோட சக்தியை எந்த அலகில் அளந்தாங்கன்னு கேட்டா, வாட், ஜூல்னு சொல்வீங்க. சரிதான். ஆனா ஆய்வகப் பேச்சுவழக்கில் இன்னொரு அலகும் இருந்தது. அதுக்குப் பேர் ஜில்லெட். ஆமா, சவரம் பண்ற பிளேடேதான். பிளேடுகளை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்கி வச்சு லேசரை ஒரு தடவை சுடுவாங்க. எத்தனை பிளேடில் ஓட்டை விழுதோ, அது அத்தனை ஜில்லெட் லேசர்.

கேட்க வேடிக்கையா இருக்கு. ஆனா இன்னைக்கு எபிசோடோட மொத்தக் கதையும் இந்த பிளேடில் இருக்கு. ஓட்டை விழுந்ததான்னுதான் அவங்க பார்த்தாங்க. ஓட்டையோட ஓரம் எப்படி இருக்குன்னு யாரும் கேட்கலை. அந்த ஓரத்தைச் சுத்தமாக்க இருபது, முப்பது வருஷம் ஆச்சு. அது சுத்தமான பிறகுதான் லேசர் நம்ம கண்ணுக்குள்ளேயும் இதய ரத்தக் குழாய்க்குள்ளேயும் வர முடிஞ்சது.

முதல் லேசரை 1960 மே 16-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். ஒரு ரூபி கட்டை, அதைச் சுத்தி ஒரு ஃபிளாஷ் விளக்கு. அடுத்த ஐந்து வருஷத்தில் அது தொழிற்சாலைக்குள்ள நுழைஞ்சாச்சு. 1965-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் லேசரால் வைரத்தில் ஓட்டை போட ஆரம்பிச்சது. டெலிபோன் கம்பெனிக்கு வைரம் எதுக்கு? செம்புக் கம்பி இழுக்க. தடிமனான கம்பியை ஒரு சின்ன ஓட்டை வழியா இழுத்து மெலிசாக்குவாங்க. அந்த ஓட்டை சீக்கிரம் தேயக்கூடாது, அதனால அச்சு வைரத்தில் இருக்கும். வைரத்தைத் துளைக்க வைரத் தூளாலேயே மணிக்கணக்கா அரைக்கணும். லேசர் அதைச் சில நிமிஷ வேலையா ஆக்கிடுச்சு.

இங்க ஒரு சந்தேகம் வரணும். வைரம்தான் பளிங்கு மாதிரி இருக்கே, வெளிச்சம் அது வழியா ஊடுருவிப் போயிடாதா? பெரும்பாலும் போயிடும். ஆனா போதுமான அளவு குவிச்சு அடிச்சா அந்த இடத்தில் வைரம் கிராஃபைட்டா மாறிடும். அதாவது பென்சில் முனைக் கரி. கரி வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், சூடேறி ஆவியாகும், அடியில் இருக்கிற வைரம் அடுத்த கரியாகும். விலை உயர்ந்த கல்லைத் துளி துளியா கரியாக்கி ஊதித் தள்ளுறதுதான் அந்த வேலை.

வைரத்துக்கு இது போதும். உலோகத்துக்கும் உயிருள்ள சதைக்கும் போதாது. காரணம் சூடு.

சூடு எவ்வளவு தூரம் ஓடும்?

ஒரு இடத்தில் சூடு வச்சா அது அங்கேயே நிக்காது, பக்கத்துக்குப் பரவும். எவ்வளவு தூரம் பரவும்னு ஒரு எளிய கணக்கு இருக்கு. நேரத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி தூரம் கூடும். நேரத்தை நூறு மடங்கு குறைச்சா தூரம் பத்து மடங்குதான் குறையும். துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்குவோம். ஒரு மில்லி நொடி நேரம் சூடு காட்டினா அது ஏறக்குறைய 60 மைக்ரான் தூரம் ஓடிடும். நம்ம தலைமுடி 70, 80 மைக்ரான் இருக்கும்னு வச்சுக்குங்க. அதாவது கிட்டத்தட்ட ஒரு முடி அகலத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் சூடேறிடும்.

இரும்புப் பட்டறையில் தகடு வெட்ட இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனா நீங்க செய்யப்போற பொருளே 80 மைக்ரான் அகலம்தான்னா? வெட்டுற இடத்தோட சேர்த்து மொத்தப் பொருளும் வெந்துபோகும். ஓரத்தில் உருகி வழிஞ்ச உலோகம் திரும்ப உறைஞ்சு பிசிறா ஒட்டும். அதுக்கு அடியில் உலோகத்தோட குணமே மாறியிருக்கும். நுண்ணிய விரிசல்கூட விழலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அது அங்க இருக்கும்.

தோசைக்கல்லில் கை பட்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். சட்டுனு தொட்டு எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஒரு நொடி வச்சா கொப்புளம். கல்லோட சூடு ரெண்டு தடவையும் ஒண்ணுதான், தொட்ட நேரம்தான் வேற. லேசர்காரங்களும் இதையேதான் யோசிச்சாங்க. பல்ஸோட நேரத்தைக் குறைப்போம். 10 நானோ நொடிக்கு வந்தா, எஃகில் சூடு 0.2 மைக்ரான்தான் ஓடுது. பிரமாதம் இல்லையா?

கணக்கில் பிரமாதம். நிஜத்தில் பாதிதான். நானோ நொடி பல்ஸிலும் உலோகம் முதலில் உருகும், அப்புறம்தான் ஆவியாகும். அந்த ஆவி மேலே எழும்பி அடுத்து வர்ற வெளிச்சத்தை மறைக்கும், கீழே உருகிக் கிடக்கிறதை ஓரத்துக்குத் தள்ளும். எரிமலை வாய் மாதிரி ஒரு வரப்பு உருவாகும். மில்லி நொடியைவிட எவ்வளவோ மேல். ஆனா உடம்புக்குள்ள வைக்கிற பொருளுக்கு இதுவும் கரடுமுரடுதான்.

இதில் இருந்து வெளியே வர ரெண்டு வழி கிடைச்சது. ஒண்ணு நிறத்தை மாத்துறது. இன்னொண்ணு நேரத்தை இன்னும் பயங்கரமா குறைக்கிறது. எனக்கு முதல் வழிதான் ரொம்பப் பிடிச்ச கதை, அதனால அதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

விருந்துக்கு மறுநாள்

ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1949-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, அடுத்த வருஷமே முதுகலை. அப்புறம் அமெரிக்கா போய் 1956-இல் முனைவர் பட்டம். 1961-லிருந்து முப்பது வருஷம் நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்தில் வேலை. அடிப்படையில் வேதியியலாளர். ஒளி பட்டா மூலக்கூறுகளுக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கிறதுதான் அவர் துறை.

1980-களின் தொடக்கத்தில் அவர் கையில் ஒரு எக்ஸைமர் லேசர் இருந்தது. ஆர்கான், ஃப்ளூரின் வாயுக்களை வச்சு இயங்குவது. அதோட ஒளி 193 நானோமீட்டர் அலைநீளம். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆழ்ந்த புறஊதா. இந்த நிறத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் ஒரே ஒரு ஃபோட்டானோட ஆற்றல் 6.4 எலக்ட்ரான் வோல்ட். கரிம மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க 3.6 போதும். அப்போ இந்த ஒளி பொருளைச் சுட வேண்டியதே இல்லை. பிணைப்பை நேரடியா அறுக்கும். நீளச் சங்கிலி சின்னச் சின்னத் துண்டாகும். துண்டுகளுக்கு இருக்க இடம் போதாம மேற்பரப்பில் இருந்து பறந்து வெளியேறும். போகும்போது மிச்சச் சூட்டையும் தூக்கிட்டே போயிடும்.

இதை முதலில் பிளாஸ்டிக் ஃபிலிமில் பார்த்தாங்க. நம்ம தண்ணி பாட்டில் செய்யற அதே பெட் வகைப் பிளாஸ்டிக். கருகலே இல்லாம அடுக்கடுக்கா சீவின மாதிரி இருந்தது. ஸ்ரீனிவாசனும் சக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ரெண்டு பேரும் இதை வேற எதில் பயன்படுத்தலாம்னு யோசிச்சாங்க. பிளாஸ்டிக் ஒரு நீளச் சங்கிலி மூலக்கூறு. நம்ம உடம்புச் சதையிலும் எலும்பிலும் புரதம் இருக்கு. அதுவும் நீளச் சங்கிலிதானே?

1981 நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. மறுநாள் ஸ்ரீனிவாசன் விருந்தில் மிஞ்சின வான்கோழி எலும்பை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து லேசருக்கு அடியில் வச்சார். பொங்கலுக்கு மறுநாள் மிச்சக் கரும்பை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறோம் இல்லையா, அப்படித்தான். எலும்போட குருத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. சுத்தமான ஓரம், கருகல் இல்லை.

பிறகு மனித ரத்தக் குழாய்த் திசுவில் ரெண்டு லேசரை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பச்சை லேசர் பட்ட இடம் கருகி ஓரம் சிதைஞ்சிருந்தது. 193 நானோமீட்டர் பட்ட இடம் கத்தியால வெட்டினதைவிட நேர்த்தியா இருந்தது. இணையத்தில் தேடினா ஒரு தலைமுடிப் படம் கிடைக்கும். நுண்ணோக்கியில் எடுத்தது. ஒரே ஒரு முடியில், படிக்கட்டு மாதிரி 50 மைக்ரான் அகலத்தில் செவ்வகப் பள்ளங்கள். மூலைகள்கூட நேரா இருக்கும். அந்த முடி தீஞ்சிருந்தா நாறியிருக்கும். இதில் தீஞ்ச அடையாளமே இல்லை.

இந்த வேலைக்கு அவர் வச்ச பேரில் 'ஒளியால் சிதைத்துச் சீவுதல்'ங்கிற அர்த்தம் இருக்கு. சூட்டுக்குப் பங்கே இல்லையா, கொஞ்சம் இருக்கான்னு ஆய்வாளர்கள் பல வருஷம் சண்டை போட்டாங்க. எந்தப் பொருள், எந்த அலைநீளம்கிறதைப் பொறுத்து பதில் மாறும். ஆனா 193-இல் ஓரம் சுத்தமா வருதுங்கிறதில் யாருக்கும் சண்டை இல்லை. அமெரிக்கக் காப்புரிமை 1988-இல் கிடைச்சது. கம்ப்யூட்டர் கம்பெனி கையில் அறுவை சிகிச்சைக்கும் பல் சிகிச்சைக்கும் ஒரு காப்புரிமை!

1983-இல் ஸ்டீஃபன் டிரோக்கல்ங்கிற கண் மருத்துவர் ஐபிஎம்முக்கு வந்தார். ஸ்ரீனிவாசன் குழுவோட சேர்ந்து கன்றுக்குட்டிக் கண்ணில் சோதிச்சு அதே வருஷம் கட்டுரை வெளியிட்டாங்க. கண்ணில் நாம முக்கியமா பார்க்க வேண்டியது முன்பக்கக் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியா. ஒளியை வளைக்கிற வேலையில் பெரும்பங்கு அதுக்குத்தான். அதை ஒரு பல்ஸுக்கு கால் மைக்ரான் ஆழம் வீதம் சீவலாம். 193 நானோமீட்டர் ஒளி மேலே சில மைக்ரானுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுடும், உள்ளே லென்ஸுக்கோ விழித்திரைக்கோ போகாது.

1988-இல் அமெரிக்காவில் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர், பார்வை உள்ள ஒரு மனிதக் கண்ணில் இதை முதன்முதலில் செய்தார். புற்றுநோயால் எப்படியும் அகற்ற வேண்டியிருந்த கண் அது. அந்தப் பெண்மணி, கண் போறதுக்கு முன்னாடி யாருக்காவது பயன்படட்டும்னு தானே முன்வந்தார். இந்த வரலாற்றில் விருது வாங்கினவங்க பேர் எல்லாருக்கும் தெரியும். நான் முதலில் சொல்ல நினைக்கிறது இவரைத்தான்.

1995-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை அங்கீகரிச்சது. அதுக்கு முன்னாடியே, 1990 வாக்கில், கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ் கார்னியாவில் ஒரு மெல்லிய மூடியைத் திறந்து, உள்ளே சீவி, மூடியைத் திரும்ப மூடுற முறைக்கு லேசிக்னு பேர் வச்சிருந்தார். ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூணு பேருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2013-இல் அதிபர் ஒபாமா வழங்கினார்.

உங்க கண்ணுக்கு ஒரு கணக்கு

லேசிக் பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க நம்ம நேயர்களில் நிறைய பேர் இருப்பீங்க. விளம்பரத்தில் 'பத்து நிமிஷம், வலி இல்லை'ன்னு வரும். அதில் வராத ஒரு கணக்கைச் சொல்றேன். மன்னர்லின் சூத்திரம்னு பேர். சீவ வேண்டிய ஆழம் எவ்வளவுன்னு தோராயமா சொல்லும். சீவுற வட்டத்தோட விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கம் பண்ணி, பவரால் பெருக்கி, மூணால் வகுக்கணும். 6 மில்லிமீட்டர் வட்டம்னா, ஒரு பவருக்கு 12 மைக்ரான்.

என் கண்ணாடி மைனஸ் நாலரை. அப்போ 54 மைக்ரான். பல்ஸுக்கு கால் மைக்ரான் வச்சா, நடுவில் 216 அடுக்கு சீவினா கண்ணாடியைக் கழட்டிடலாம். முக்கால் முடி அகலத்தில் என் பள்ளிக்கூட நாட்களில் இருந்து மூக்கில் உட்கார்ந்திருக்கிற சுமை அடங்குது!

சரி, ஒருத்தருக்கு மைனஸ் பத்துன்னு வைங்க. 120 மைக்ரான் சீவணும். சராசரி கார்னியா தடிமன் 540 மைக்ரான் பக்கத்தில் இருக்கும். அவருக்கு 480-தான்னு வச்சுக்குவோம். மேல் மூடிக்கு 110 போகும். 120 சீவினா மிச்சம் 250. மருத்துவர்கள் வழக்கமா வச்சிருக்கிற கடைசி எல்லையே 250 மைக்ரான்தான். அதுக்குக் கீழே போனா கார்னியா உள்ளழுத்தம் தாங்காம கூம்பு மாதிரி வெளியே பிதுங்க வாய்ப்பு இருக்கு. பார்வை மோசமாகும், சரிசெய்யறதும் கஷ்டம். அதனால 'உங்களுக்கு லேசிக் வேண்டாம்'னு ஒரு மருத்துவர் சொன்னா கோவிச்சுக்காதீங்க. அவர் கணக்கு போட்டிருக்கார். கார்னியா தடிமனும் அதோட வடிவ வரைபடமும் எடுக்காமலே 'பண்ணிடலாம் சார்'னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க. இது என் கருத்து, ஆனா இதில் நான் உறுதியா இருக்கேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். இதே 193 நானோமீட்டர் ஆர்கான் ஃப்ளூரைடு ஒளியால்தான் சிப் தொழிற்சாலைகளில் சிலிக்கான் மேல் நுண்ணிய கோடுகளைப் பதிக்கிறாங்க. உங்க போனில் இருக்கிற சிப்களும் உங்க நண்பரோட லேசிக் கண்ணும் ஒரே நிறத்தைப் பார்த்தவை.

நேரத்தைக் குறைச்சா

இப்போ ரெண்டாவது வழி. புறஊதா கரிமப் பொருளுக்கு அருமை. உலோகத்துக்கு அந்தப் பிணைப்பு வித்தை எடுபடாது. அங்க நேரத்தைத்தான் பிடிக்கணும்.

உலோகத்தில் வெளிச்சம் பட்டா முதலில் ஆற்றலை வாங்கிக்கிறது எலக்ட்ரான்கள். அவங்க அதை அணுக்களுக்குக் கைமாத்தி விடச் சில பிக்கோ நொடி ஆகும். அணுக்கள் அதிர ஆரம்பிச்சாத்தான் நாம சூடுன்னு சொல்றது நடக்கும். அப்போ பல்ஸ் அதைவிடச் சின்னதா இருந்தா? ஆற்றல் முழுசும் உள்ளே வந்து இறங்கி, பல்ஸ் முடிஞ்சே போயிருக்கும், அணுக்களுக்கு இன்னும் சேதியே போயிருக்காது. சேதி போனதும் அந்த மெல்லிய அடுக்கு மொத்தமா ஆவியாகித் தெறிக்கும். உருகி வழிய அவகாசமே இல்லை.

இதுக்கு ஃபெம்டோ நொடி பல்ஸ் வேணும். எவ்வளவு சின்னதுன்னா, ஒரு நொடியில் ஒரு ஃபெம்டோ நொடி என்பது மூணு கோடி வருஷத்தில் ஒரு நொடி மாதிரி. 100 ஃபெம்டோ நொடியில் வெளிச்சமே 30 மைக்ரான்தான் நகரும். வெளிச்சம் பாதி முடியைக்கூடத் தாண்ட முடியாத நேரம்.

இதில் ஒரு வினோதம் பாருங்க. ஒரு பல்ஸோட ஆற்றல் 100 மைக்ரோஜூல்னு வைப்போம். ஒரு கிராம் தங்கக் காசை ஒரு சென்டிமீட்டர் தூக்கறதுக்கு ஆகிற ஆற்றல், அவ்வளவுதான். அதை 100 ஃபெம்டோ நொடிக்குள்ள அடைச்சா அந்தக் கணத்தில் திறன் 1000 மெகாவாட். கூடங்குளத்தில் ஒரு அணு உலையோட திறன். அந்தக் கணத்துக்கு மட்டும்.

அதனாலதான் இது ரொம்ப நாள் முடியாம இருந்தது. இவ்வளவு திறனைப் பெருக்கியோட கண்ணாடிக்குள்ள அனுப்பினா முதலில் உடையறது அந்தக் கண்ணாடிதான். 1985-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் மூரூவும் அவரோட ஆராய்ச்சி மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் இதைத் தீர்த்தாங்க. திருவிழாக் கூட்டம் மொத்தமா ஒரு குறுகலான வாசலில் நுழைஞ்சா வாசல் போயிடும். வரிசையா நீட்டி அனுப்பி, உள்ளே ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்து, வெளியே மைதானத்தில் திரும்பச் சேர்த்தா? அதையே பண்ணாங்க. பல்ஸை முதலில் நேரத்தில் நீட்டினாங்க. அதுக்கு 1.4 கிலோமீட்டர் நீள ஃபைபர் பயன்பட்டது. நீண்டு பலவீனமான பல்ஸை நிதானமா பெருக்கி, கடைசியில் திரும்பச் சுருக்கினாங்க. அந்த வேலைக்கு 2018-இல் நோபல். இயற்பியலில் நோபல் வாங்கின மூணாவது பெண் ஸ்ட்ரிக்லண்ட்.

மூரூ பின்னாடி மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1990-களின் தொடக்கத்தில் அங்க ஒரு ஆராய்ச்சி மாணவர் கண்ணாடிகளைச் சரிபண்ணிக்கிட்டிருந்தபோது ஃபெம்டோ நொடி லேசர் அவர் கண்ணில் பட்டுடுச்சு. பாதுகாப்புக் கண்ணாடி போடாத நேரம். பரிசோதிச்ச இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ் ஆச்சரியப்பட்டார். லேசர் காயம்னா சுத்திலும் வெந்து சிதைஞ்சிருக்கும். இது கச்சிதமான ஒரு புள்ளி, அக்கம்பக்கம் அப்படியே இருக்கு. 'இது என்ன லேசர்'னு கேட்டுக்கிட்டு ஆய்வகத்துக்கே போயிட்டார். அந்த மாணவருக்கு நேர்ந்தது விபத்து, அதை அதிர்ஷ்டம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அந்தக் கேள்வியில் இருந்துதான் கர்ட்ஸும் இயற்பியலாளர் டிபோர் யுஹாஸும் 1997-இல் இன்ட்ராலேஸ் நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. கத்தியில்லா லேசிக்னு போர்டில் பார்க்கிறீங்களே, கார்னியா மூடியைத் திறக்கிற கத்திக்குப் பதில் வந்தது இதுதான்.

இது எப்படி மேற்பரப்பைத் தொடாம உள்ளே வெட்டுது? இதோட நிறம் அகச்சிவப்பு. கார்னியா அதுக்குச் சாதாரணக் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் நுழைஞ்சு போயிடும். ஆனா குவியிற அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஃபோட்டான்கள் அவ்வளவு நெருக்கமா வர்றதால, ஒரே எலக்ட்ரானைப் பல ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் தாக்கும். அங்க மட்டும் திசு சிதையும். புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளியா வச்சா ஒரு வெட்டு. கண்ணாடிக்குள்ளேயும் இதே முறையில் வேலை செய்யலாம், மேலே கீறலே விழாது.

எண்பது மைக்ரான் வலை

ஸ்டென்ட்டுக்கு வருவோம். மாரடைப்பு வந்தவங்க வீட்டில் இந்த வார்த்தை தெரியாதவங்க கிடையாது. எப்படிச் செய்யறாங்கன்னு நிறைய பேர் பார்த்ததில்லை. கம்பியைப் பின்னுறதுன்னு நினைச்சிருப்பீங்க. பெரும்பாலானவை அப்படி இல்லை. ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் விட்டத்தில் கோபால்ட்-குரோமியம் மாதிரி உலோகத்தில் ஒரு மெல்லிய குழாய். அதைப் பிடிச்சு உருட்டிக்கிட்டும் நகர்த்திக்கிட்டும் இருக்க, மேலே லேசர் ஒரே இடத்தில் நின்னு வெட்டும். தேவையில்லாத துண்டுகள் உதிர்ந்துபோக, வலை மிஞ்சும். வலையோட ஒவ்வொரு இழையும் 80, 100 மைக்ரான்.

முன்னாடி சொன்ன 60 மைக்ரான் கணக்கு ஞாபகம் இருக்கா? இழையோட அகலமும் சூடு ஓடுற தூரமும் கிட்டத்தட்ட சமம். இங்க ஓரத்தில் ஒரு விரிசல் விட்டா என்ன? இதயம் வருஷத்துக்கு நாலு கோடி தடவை பக்கத்தில் துடிக்குது. பத்து வருஷத்துக்கு 40 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இழை கொஞ்சம் வளைஞ்சு நிமிருது. ஸ்டென்ட்டுகளைச் சோதனைக் கூடத்தில் அந்த 40 கோடி அளவுக்கு ஆட்டிப் பார்க்கிறதே அதனாலதான்.

இப்பவும் உலோக ஸ்டென்ட்டுகள் எல்லாமே ஃபெம்டோ நொடியில் வெட்டப்படுறதில்லை. விலை குறைவான ஃபைபர் லேசரால் வெட்டிட்டு, பிசிறை எடுத்து, அமிலத்தில் கழுவி, மின்சாரத்தால் மெருகேத்துறது வழக்கம். ஃபெம்டோ இயந்திரம் வாங்கினா அந்தக் கழுவல் வேலைகள் குறையும், ஆனா இயந்திரம் விலை அதிகம். சூடு தாங்காத பொருள்னா வேற வழியில்லை. உதாரணமா, கொஞ்ச காலத்தில் உடம்பிலேயே கரையுற பாலிமர் ஸ்டென்ட். இன்னொண்ணு, 'சூடே இல்லாத வெட்டு'ன்னு விற்பனையாளர்கள் சொல்றதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. ஃபெம்டோ பல்ஸையும் ஒண்ணு மேல ஒண்ணா ரொம்ப வேகமா அடிச்சா மிச்சச் சூடு சேர்ந்துக்கிட்டே போகும். வேகமா வெட்டணும், ஆனா சூடும் சேரக்கூடாது. கடைசியில் இயந்திரம் ஓட்டுறவங்க நாள் பூரா போராடுறது இந்த ரெண்டுக்கும் நடுவில்தான்.

இந்தியாவில் இந்தக் கதை வைரத்தில் இருந்தே போகுது. சூரத்தில் வைரம் அறுக்கிற லேசர் இயந்திரங்கள் செய்துகிட்டிருந்த சகஜானந்த் குழுமத்தில் இருந்துதான் சகஜானந்த் மெடிக்கல் டெக்னாலஜீஸ்ங்கிற ஸ்டென்ட் நிறுவனம் வந்தது. கல்லை அறுத்த ஊர், அதே லேசர் அறிவை வச்சு இதயத்துக்கு வலை வெட்டப் போயிடுச்சு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வச்சது. வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசினதுக்கு 29,600. அதுவரைக்கும் மருந்து பூசின ஸ்டென்ட்டுக்கு லட்சத்தைத் தாண்டியெல்லாம் பில் போட்டுக்கிட்டிருந்தாங்க. சில வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களோட புது மாடல்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து இந்த வரம்பை அவ்வப்போது மாத்துறாங்க. உங்க வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டா, அன்றைய வரம்பு எவ்வளவுன்னு ஆணையத்தோட இணையதளத்தில் பார்த்துட்டு, பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியா காட்டச் சொல்லிக் கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இதே லேசர் வேலைகள் இன்னும் எங்கெல்லாமோ இருக்கு. இங்க்ஜெட் பிரிண்டர் முனையில் மை தெளிக்கிற ஓட்டைகள், போன் சர்க்யூட் போர்டில் அடுக்குக்கு அடுக்கு மின்சாரம் போற நுண்துளைகள், எஞ்சினுக்கு எரிபொருள் பீய்ச்சுற முனைகள். எல்லாத்திலும் ஓரம் எப்படி இருக்குங்கிறதுதான் கேள்வி. போன் போர்டு கதை தனி எபிசோடுக்கே ஆகும், அடுத்த மாசம் அதை எடுத்துக்கலாம்.

கார்னியா தடிமன் பற்றி உங்க ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணைப் படிக்கத் தெரியலைன்னா எழுதுங்க. ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டாம், கேள்வியை மட்டும். சந்திப்போம்.